பக்கத்துக்குப் பக்கம் அப்பத்தா மாறுகிறாரா? ஏஐ படங்களில் ஆள் நழுவினால் பார்க்க வேண்டியவை

சிறுவர் கதைப் புத்தகம் போடும் பள்ளி ஆசிரியர்கள், பாட்டி கதை சேனல் நடத்துகிறவர்கள், ஊர்த் திருவிழாவுக்குப் படக்கதை நோட்டீஸ் அடிக்கிறவர்கள் என்று மதுரையைச் சுற்றி ஏஐ படத்தை வைத்து வேலை பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் கொண்டுவருகிற கோப்புகளைச் சரிசெய்து தருவது என் அன்றாட வேலை. வருகிற கோளாறு முக்கால்வாசி ஒன்றுதான்: "அண்ணே, மொதப் பக்கத்து அப்பத்தா மூணாம் பக்கத்துல வேற ஆளா நிக்குது."

எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை படத்தைப் பார்த்துத்தான் கதையைத் தொடரும். பக்கம் திருப்பியதும் ஆள் மாறியிருந்தால், "இது யாரு?" என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதனால் இதைச் சில்லறைக் கோளாறு என்று என்னால் விடமுடிவதில்லை.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ நேரே அங்கே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும். உதாரணத்துக்கு ஒரே குடும்பத்தை வைத்துக்கொள்கிறேன்: உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவர், வயது எழுபது, கருத்த நிறம், நரைத்த கொண்டை, தொங்கும் காதில் தண்டட்டி, அரக்குச் சேலை. கூடவே அவர் பேரன், வீட்டுக் காளை.

## எடுத்த உடனே: மாறுவது எது என்று பிரியுங்கள்

எல்லாப் படத்தையும் சிறிதாக்கி ஒரே பக்கத்தில் வரிசையாக அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள்.

முகத்தை மறைத்த பிறகும் ஆள் வேறாகத் தெரிகிறதா? அப்படியானால் கோளாறு உடையில், நிறத்தில், அல்லது வரைகிற பாணியில் இருக்கிறது. ஒரு படம் வாட்டர்கலர், அடுத்தது கார்ட்டூன், அதற்கடுத்தது போட்டோ மாதிரி வந்திருக்கும். பாணி மாறினால் கண் பெரிதாகும், மூக்கு சிறுக்கும். எந்த மாடலும் (படம் வரையும் ஏஐ மென்பொருள்) அதே முகத்தைக் காப்பாற்றாது. பாணியைச் சொல்லும் வரியை ஒன்றாக்கிவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். இதிலேயே பாதிப் பேர் வேலை முடிந்து போய்விடுகிறார்கள்.

மறைத்தால் எல்லாம் ஒரே ஆளாகத் தெரிகிறது, திறந்தால்தான் வேறாகத் தெரிகிறது என்றால் முகம்தான் நழுவுகிறது. அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

## அறிகுறி: ஒவ்வொரு படத்திலும் வேறு முகம்

### மாஸ்டர் படம் ஒன்று இருக்கிறதா?

மாஸ்டர் என்பது எல்லாப் பக்கத்துக்கும் மூலமாக வைத்துக்கொள்ளும் ஒரே முகப்படம். அது இல்லை என்றால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம், காரணம் இதுதான். வெறும் சொல்லை வைத்து ஒரு முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. "எழுபது வயதுக் கிராமத்துப் பெண்" என்ற வரிக்குப் பொருந்தும் முகங்கள் எண்ணிலடங்காதவை. மாடல் ஒவ்வொரு முறையும் அதில் ஒன்றை எடுத்துத் தரும். முகத்தைச் சொல்லாமல் காட்ட வேண்டும்.

மாஸ்டர் எடுக்கும்போது கதையை மறந்துவிடுங்கள். வயலும் வேண்டாம், திண்ணையும் வேண்டாம். வெறும் சாம்பல் பின்னணி, பகல் வெளிச்சம், நேராகப் பார்க்கும் முகம், மார்பு வரை. சிரிப்பும் வேண்டாம். பிடித்த முகம் வரும் வரை எடுங்கள், அவசரப்பட்டு ஒன்றைத் தேர்ந்துவிடாதீர்கள். புத்தகம் முழுக்க அதனுடன்தான் இருக்கப் போகிறீர்கள். தேர்ந்த பிறகு அதையே ரெஃபரன்ஸாக, அதாவது மாடல் பார்த்து வரையும் மாதிரியாகக் கொடுத்து முக்கால் பக்கம், பக்கவாட்டு, முதுகுப்புறம், முழு உருவம் என்று மற்ற கோணங்களை எடுத்து ஒரே தாளில் சேருங்கள். பக்கவாட்டில் மூக்கு நீண்டிருந்தாலோ காது மாறியிருந்தாலோ அந்தக் கோணத்தை விட்டுவிட்டு மறுபடி எடுங்கள். இந்தத் தாளில் விட்ட பிசகு எல்லாப் பக்கத்திலும் வரும்.

### மாஸ்டர் இருக்கிறது, ஆனால் அதை மாடலுக்குக் கொடுக்கிறீர்களா?

பலர் மாஸ்டரைத் தங்கள் போனில் வைத்துக்கொண்டு ப்ராம்ப்டை, அதாவது மாடலுக்கு எழுதும் வரியை மட்டும் மறுபடி அடிக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாஸ்டரை ஏற்ற வேண்டும். சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றில் படத்தைச் சேர்த்து, "இந்தப் படத்தில் இருப்பவர்தான், முகம், காது, கொண்டை எதையும் மாற்றாதே" என்று சொன்னால் போதும். மிட்ஜர்னி என்ற படம் வரையும் சேவையின் ஆறாம் பதிப்பில் கேரக்டர் ரெஃபரன்ஸ் என்று ஒன்று உண்டு. அதன் எடை, அதாவது எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்ற எண், 0 முதல் 100 வரை. 100 வைத்தால் முகம், முடி, உடை எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்கும். 0 வைத்தால் முகத்தை மட்டும் பிடிக்கும். ஏழாம் பதிப்பில் அதன் இடத்துக்கு ஆம்னி ரெஃபரன்ஸ் வந்தது. எடை 1 முதல் 1000 வரை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் 100. சொந்தக் கம்ப்யூட்டரில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஓட்டுபவர்களுக்கு ஐபி அடாப்டர் என்ற கூடுதல் கருவி இந்த வேலையைச் செய்யும்.

### சீட் எண்ணை நம்பியிருக்கிறீர்களா?

"அதே சீட்தான் போட்டேன், ஆனாலும் மாறுது" என்று அடிக்கடி கேட்கிறேன். சீட் என்பது படம் தொடங்கும் புள்ளிக் குழப்பத்துக்கான எண். மாடல், அளவு, ப்ராம்ப்ட், மற்ற அமைப்புகள் எல்லாம் அப்படியே இருந்தால் மட்டும் அதே படம் வரும். "திண்ணையில்" என்பதை "கிணற்றடியில்" என்று மாற்றிய கணமே முகமும் நகரலாம். சீட் ஆளைப் பிடித்து வைக்காது. ஒரே காட்சியில் ஒரு சிறு மாற்றம் மட்டும் செய்து பார்க்க அது உதவும், அவ்வளவுதான்.

### ஆளைச் சொல்லும் வரி மாறுகிறதா?

ஒரு படத்தில் "பாட்டி", அடுத்ததில் "கிழவி", இன்னொன்றில் "வயதான விவசாயப் பெண்" என்று எழுதினால் மாடல் மூன்று பேரை நினைக்கும். ஆளுக்கென்று ஒரு வரியை எழுதி நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதை எடுத்து ஒட்டுங்கள், திரும்ப அடிக்காதீர்கள். நான் அப்பத்தாவுக்கு எழுதும் வரி இப்படி இருக்கும்:

"எழுபது வயதுக் கிராமத்துப் பெண், அடர்ந்த கரும்பழுப்பு நிறம், ஒட்டிய கன்னம், அகன்ற மூக்கு, நடுவகிடு எடுத்துப் பின்னால் முடிந்த நரைக் கொண்டை, தோளை நோக்கித் தொங்கும் காதுமடல், அதில் தங்கத் தண்டட்டி, நெற்றியில் ஒற்றைத் திருநீற்றுக் கோடு, அகலமான மஞ்சள் கரையுள்ள அரக்குச் சேலை, வெள்ளை ரவிக்கை."

இந்த வரி முதலில் வரட்டும், காட்சி பிறகு வரட்டும். பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடல்களில் ப்ராம்ப்டை 75 சொல் துண்டுகள் வரைதான் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளும். காட்சியை நீட்டி எழுதிவிட்டு ஆளைக் கடைசியில் போட்டால் ஆள் பலமிழந்துபோகும். அந்த மாடல்களுக்குத் தமிழும் பிடிபடாது, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஜெமினியிலும் சாட்ஜிபிடியிலும் தமிழிலேயே எழுதலாம். ஆனால் முதல் பக்கம் தமிழில், அடுத்த பக்கம் ஆங்கிலத்தில் என்று மாற்றாதீர்கள்.

### மாஸ்டர் வாட்ஸ்அப் வழியாக வந்ததா?

இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் நசுங்கும். முகத்தின் சுருக்கம், தண்டட்டியின் விளிம்பு, சேலைக் கரை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துவிடும். மாடல் அந்த மங்கலை நிரப்பத் தன் கற்பனையைப் போடும், முகம் மாறும். ஸ்டேபிள் டிஃப்யூஷனை ஓட்டும் ஆட்டோமேட்டிக் 1111, கம்ஃபி யூஐ போன்றவை பிஎன்ஜி கோப்புக்குள்ளேயே ப்ராம்ப்டையும் சீட்டையும் எழுதி வைக்கும்; போட்டோவாக அனுப்பினால் அதுவும் போச்சு. டாக்குமென்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள், அல்லது டிரைவில் ஏற்றுங்கள்.

### இதெல்லாம் சரி, இன்னும் முகம் நிற்கவில்லை

இந்த இடத்தில் ஓவியரைக் கூப்பிடுங்கள். ஆப்பை மாற்றி மாற்றிச் சந்தா கட்டுவதைவிட, கையால் வரையும் ஓவியர் ஒருவரிடம் அந்த ஒரே ஒரு மாஸ்டர் தாளை வரைந்து வாங்குவது மேல் என்பது என் தீர்மானமான கருத்து. நம் ஊர்ப் பாட்டியின் தாடையும் காதும் அவர் கைக்குத் தெரியும். அந்தத் தாளை ரெஃபரன்ஸாகக் கொடுத்தால் மாடலும் பிடித்துக்கொள்ளும். வரைந்ததை ஏஐக்குக் கொடுக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லி, அதற்கும் சேர்த்து ஒப்புதலும் கூலியும் பேசிவிடுங்கள்.

## அறிகுறி: முதல் சில படங்கள் சரி, போகப் போக நழுவுகிறது

ஒரே சாட்டில் தொடர்ந்து "இப்போது கிணற்றடியில்", "இப்போது அடுப்பங்கரையில்" என்று கேட்டுக்கொண்டே போயிருப்பீர்கள். கடைசியாக வந்த படத்தை வைத்து அடுத்ததைச் செய்யும்போது, ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பிசகு சேரும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தது போல.

சோதனை எளிது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவில் உள்ளவற்றைப் பார்த்தால் கண் பழகிவிடும், மாற்றம் தெரியாது.

தீர்வும் எளிது. ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுச் சாட் திறந்து, மாஸ்டரை ஏற்றி, ஆள் வரியை ஒட்டித் தொடங்குங்கள். பத்தாம் பக்கத்துக்கும் மாஸ்டர்தான் ரெஃபரன்ஸ், ஒன்பதாம் பக்கம் இல்லை. ஒரு படத்தில் வாளியை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் முழுப் படத்தையும் மறுபடி கேட்காமல், அந்த இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு மாற்றும் இன்பெயின்டிங்கைப் பயன்படுத்துங்கள். முகத்தைத் தொடாத திருத்தம் முகத்தைக் கெடுக்காது.

இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

## அறிகுறி: சாயல் அதேதான், ஆனால் வயது குறைகிறது, நிறம் வெளுக்கிறது

எனக்கு மிகவும் மனம் கஷ்டப்படும் கோளாறு இது. கருத்த அப்பத்தா நாலு பக்கம் தாண்டுவதற்குள் மாநிறமாகி, பிறகு வெளுத்து, கன்னம் உப்பி, ஐம்பது வயது நகரத்துப் பெண்ணாகிவிடுவார். மாடல்கள் கற்ற படங்களில் நம் நிறமும் நம் கிழவிகளின் முகமும் குறைவு. கையை விட்டால் தனக்குப் பழகிய பக்கமே சாயும். படிக்கும் பிள்ளையின் வீட்டில் இருக்கும் அப்பத்தா கருப்புதான். புத்தகத்தில் அவரை வெளுக்க விடக்கூடாது.

முதலில் ப்ராம்ப்டில் "அழகான", "அன்பான", "இனிமையான" போன்ற சொற்கள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். அவை வந்தாலே சுருக்கம் மறையும், தோல் மினுங்கும். அன்பைச் சொல்லால் கேட்காமல் செயலால் காட்டச் சொல்லுங்கள்: பேரன் தலையைக் கோதுகிறார், உருண்டை பிடித்துத் தருகிறார்.

சொல் சரி என்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். "மாலை வெயில்", "பொன்னிற ஒளி" என்று கேட்டால் தோலும் சேலையும் சேர்ந்து மஞ்சளாகும். கதைக்கு மாலை தேவை என்றால் பகல் வெளிச்சத்தில் படத்தை எடுத்துவிட்டு, மாலை நிறத்தை ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருளில் மேலே ஏற்றுங்கள்.

வெளிச்சமும் சரி என்றால் கண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள். மாஸ்டரில் கன்னத்தின் நிழல் இல்லாத இடத்தில், நிறத்தைத் தொட்டெடுக்கும் ஐ டிராப்பர் கருவியை வைத்து நிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் விலகினால் முகத்தையும் கையையும் மட்டும் தேர்ந்து, வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கர்வ்ஸ் கருவியில் இறக்கலாம். கழுத்தையும் பாதத்தையும் மறந்துவிடாதீர்கள். முகம் கருப்பாகவும் பாதம் வெளுப்பாகவும் இருக்கும் படங்கள் நிறைய வருகின்றன. நிறத்தோடு முகவெட்டும் மாறியிருந்தால் திருத்திப் பயனில்லை, மாஸ்டரிலிருந்து மறுபடி எடுங்கள்.

## அறிகுறி: கிட்டத்தில் சரி, தூரத்தில் முகம் குழம்புகிறது

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், வைகை ஆற்றுக்குள் அப்பத்தாவும் பேரனும் நிற்கிறார்கள் என்று கேட்டிருப்பீர்கள். ஆள் சிறிதாகிவிட்டார், முகம் கலங்கிவிட்டது.

காரணம் இடம் போதாமை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் படத்தை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்துத்தான் உள்ளே வேலை செய்கின்றன. 40 பிக்சல் அகல முகத்துக்கு உள்ளே கிடைப்பது 5 கட்டம். ஐந்து கட்டத்தில் அப்பத்தாவை யாராலும் எழுத முடியாது.

படத்தில் முகம் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிது என்றால், முகம் தெரியவேண்டிய அவசியம் உண்டா என்று முதலில் கேளுங்கள். முதுகைக் காட்டி நிற்கட்டும்; அரக்குச் சேலையும் நரைக் கொண்டையுமே ஆளைச் சொல்லிவிடும். முகம் தேவை என்றால் அந்த இடத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, மாஸ்டரைக் காட்டி முகத்தை மட்டும் இன்பெயின்ட் செய்து, சிறிதாக்கித் திரும்ப ஒட்டுங்கள். ஏ டீட்டெயிலர் என்ற நீட்சி இதைத் தானே செய்யும். ஆனால் கூட்டத்தில் உள்ள எல்லா முகத்துக்கும் அப்பத்தா முகத்தையே போட்டுவிடக் கூடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டக் காட்சி புத்தகத்தின் நடுப்பக்கமாக இரண்டு பக்கம் விரிகிறது என்றால் நான் ஓவியரிடமே கொடுத்துவிடச் சொல்வேன்.

## அறிகுறி: சேலை, நகை, மூக்குத்தி மாறிக்கொண்டே இருக்கிறது

### சேலை

சுங்குடிச் சேலை கேட்டிருக்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். சுங்குடியின் புள்ளி துணியை முடிந்து சாயம் போடுவதால் வருவது; ஓரம் கொஞ்சம் கசிந்து, ஒன்றுக்கொன்று சற்றே வேறாக இருக்கும். மாடலோ கம்பாஸில் வரைந்தது போன்ற வட்டப் புள்ளிகளைப் போடும், அதையும் பக்கத்துக்கு ஒரு எண்ணிக்கையில் போடும். கோடு, கட்டம், பூ எதற்கும் இதே கதிதான்.

செலவில்லாத வழி, சேலையை ஒற்றை நிறமாக, அகலமான ஒரே கரையோடு வைப்பது. ஆள் அடையாளத்துக்கு அது போதும். சுங்குடிதான் வேண்டும், கதையே சின்னாளப்பட்டிச் சேலையைப் பற்றியது என்றால், ஒற்றை நிறச் சேலையில் படத்தை முடித்துவிட்டு, உண்மையான சேலையை நேராக விரித்துப் போட்டோ எடுத்து, ஃபோட்டோஷாப்பில் மல்டிப்ளை லேயராக (கீழே உள்ள நிழல் தெரியும்படி மேலே படியும் அடுக்கு) மடிப்புக்கேற்ப வளைத்து ஏற்றுங்கள். நேரம் பிடிக்கும். கையில் வராது என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் டிசைனரிடம் கொடுக்கலாம்.

முந்தானை எந்தத் தோளில் விழுகிறது என்றும் பாருங்கள். இடது தோளில் விழவேண்டியது வலது தோளில் இருந்தால், படத்தை அப்படியே இடவலம் திருப்பினால் சரியாகிவிடும் என்று தோன்றும். திருப்பினால் மூக்குத்தியும் பக்கம் மாறும், சுவரில் எழுத்து இருந்தால் அதுவும் கண்ணாடி எழுத்தாகும். மூன்றையும் பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

### தண்டட்டி

பெரும்பாலான மாடல்களுக்குத் தண்டட்டி தெரியாது. பெயரைச் சொன்னால் ஜிமிக்கி போடும், அல்லது வளையம் போடும். சொல்லால் விளக்கிப் பார்த்துச் சோர்ந்து போகாதீர்கள். அருகில் யாராவது பெரியவர் போட்டிருந்தால், கேட்டு, அவர் சம்மதித்தால், காதையும் நகையையும் மட்டும் பக்கவாட்டில் போட்டோ எடுங்கள். காதுமடலின் துளை எவ்வளவு பெரிது, நகை எங்கே தொங்குகிறது, முன்னால் இருந்து பார்த்தால் எவ்வளவு தெரிகிறது என்பது அந்தப் போட்டோவில் இருக்க வேண்டும். அதை இரண்டாவது ரெஃபரன்ஸாகக் கொடுங்கள். அப்படியும் சில படங்களில் ஒரு காதில் தண்டட்டி, மறு காதில் ஜிமிக்கி வரும். மாஸ்டர் தாளிலிருந்து காதை வெட்டி ஒட்டி, ஓரத்தை மட்டும் இன்பெயின்ட் செய்தால் தீரும்.

### மூக்குத்தி

இடம் வலம் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் சொல்தான். "இடது மூக்கில்" என்றால் அவருடைய இடதா, பார்ப்பவரின் இடதா என்பது மாடலுக்குக் குழப்பம். "படத்தைப் பார்ப்பவருக்கு வலப்பக்கம்" என்று எழுதுங்கள். முகம் முழுதாகப் பக்கவாட்டில் திரும்பும் பக்கங்களில் மூக்குத்தி தெரியுமா, மறையுமா என்று பார்த்து எழுத வேண்டும்.

கண்ணாடி, கைத்தடி போன்றவை வேண்டாத இடத்தில் வந்தால் "கண்ணாடி இல்லாமல்" என்று எழுதாதீர்கள். பழைய மாடல்கள் அதில் கண்ணாடியை மட்டும்தான் கேட்டுக்கொள்ளும். நெகட்டிவ் ப்ராம்ப்டுக்கு, அதாவது வரக்கூடாதவற்றை எழுத, தனிப் பெட்டி இருந்தால் அங்கே போடுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: தனியாக எடுத்தால் சரி, இருவர் சேர்ந்தால் கலக்கிறது

பேரன் சட்டை அரக்காகும், அப்பத்தாவுக்குப் பேரனின் சுருட்டை முடி வரும், சில நேரம் இருவருக்கும் ஒரே மூக்கு. ஒரே ப்ராம்ப்டில் சொன்ன குணங்கள் ஆள் மாறி ஒட்டிக்கொள்கின்றன.

இருவரும் ஒரே நிறத்தில் உடுத்தியிருக்கிறார்களா, இருவரைப் பற்றியும் ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். உடை நிறத்தைத் தள்ளித் தள்ளி வையுங்கள்; "இடப்பக்கம் இவர், வலப்பக்கம் இவன்" என்று தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள். இருவரின் மாஸ்டரையும் தனித்தனிப் படமாக ஏற்றி, எது யாருடையது என்று சொல்லுங்கள். போதவில்லை என்றால் ஒருவரை மட்டும் காட்சியில் எடுத்து, மற்றவரின் இடத்தைக் காலியாக விட்டு, பிறகு இன்பெயின்டிங்கில் அவரைக் கொண்டுவாருங்கள். நான் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இதில்தான்.

உயர விகிதத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பேரன் அப்பத்தாவின் தோள்வரை வருகிறான் என்றால் எல்லாப் பக்கத்திலும் தோள்வரைதான். மூன்று பேருக்கு மேல் தொட்டுக்கொண்டு நிற்கும் காட்சி என்றால் தனித்தனியாக எடுத்து, ஒன்றாகச் சேர்ப்பதை டிசைனரிடம் விடுங்கள்.

## அறிகுறி: காளை ஒவ்வொரு பக்கமும் வேறு காளை

அலங்காநல்லூர், பாலமேடு என்று கதை போனால் இது வந்தே தீரும். "ஜல்லிக்கட்டுக் காளை" என்றதும் சில மாடல்கள் ஸ்பெயின் நாட்டுக் காளையைக் கொண்டுவரும்: திமில் இருக்காது, கழுத்தடியில் அலைதாடி தொங்காது. திமில் இல்லாமல் எதைப் பிடித்து வீரன் அணைவான்? திமிலும் அலைதாடியும் உள்ள இந்திய நாட்டு மாடு என்று விவரமாக எழுதுங்கள். புலிக்குளம் காளையின் போட்டோவைப் பக்கவாட்டில் ஒன்றும் முன்னிருந்து ஒன்றும் ரெஃபரன்ஸாகக் கொடுங்கள்.

ஆளுக்கு முகம் எப்படியோ மாட்டுக்குக் கொம்பு அப்படி. நெற்றியிலிருந்து கொம்பு எங்கே கிளம்பி எந்தப் பக்கம் வளைகிறது என்பதை மாஸ்டரில் தெளிவாக வைத்து, பக்கம் தோறும் அதை மட்டும் சரிபாருங்கள். நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி கொடுத்துவிட்டால் தூரத்திலும் அடையாளம் தெரியும்.

## அறிகுறி: ஆள் சரி, ஊர் மாறுகிறது

மீனாட்சியம்மன் கோயிலின் வெளிக் கோபுரங்கள் நான்கும் ஒன்பது நிலை. மாடல் ஒரு பக்கத்தில் ஐந்து நிலையும் அடுத்த பக்கத்தில் பதின்மூன்று நிலையும் கட்டும். திருமலை நாயக்கர் மகாலின் தடித்த வட்டத் தூண்களை மெலிந்த சதுரத் தூண்களாக்கும். தெரிந்த இடம் என்றால் மாடலிடம் கேட்காதீர்கள். நீங்களே போய் எடுத்த போட்டோவை உங்கள் பாணிக்கு மாற்றிப் பின்னணியாக வைத்து, ஆளை மேலே சேருங்கள். கடைப் பலகை, பஸ் பெயர் போன்ற தமிழ் எழுத்துகளையும் படத்துக்குள் கேட்காமல் வெற்றுப் பலகையாக எடுத்து, எழுத்தைப் பிறகு நீங்களே அடியுங்கள்.

## அறிகுறி: முகம் நிற்கிறது, ஆனால் எல்லாப் பக்கத்திலும் ஒரே நிலை, ஒரே பார்வை

ரெஃபரன்ஸின் பிடி அதிகம். எடையைக் கொஞ்சம் இறக்குங்கள். ஒரு படத்திலிருந்து இன்னொரு படம் செய்யும் இமேஜ் டு இமேஜ் முறையில் எடுக்கிறீர்கள் என்றால், மூலப்படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் டீநாய்சிங் அளவைப் பாருங்கள்: 0.3 பக்கத்தில் இருந்தால் படம் அசையாது, 0.7ஐத் தாண்டினால் ஆள் போய்விடுவார். நடுவில் தேடுங்கள்.

எடையை இறக்கினால் முகம் நழுவுகிறது, ஏற்றினால் உடம்பு அசையவில்லை என்று மாட்டிக்கொண்டால், நிலையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். நீங்களே திண்ணையில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து, ஸ்டேபிள் டிஃப்யூஷனில் நிலையைப் பிடிக்க உதவும் கண்ட்ரோல்நெட்டுக்குக் கொடுங்கள். உடம்பு எப்படி வளைகிறது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், முகத்தை மாஸ்டரிலிருந்து எடுக்கும்.

## அறிகுறி: போன மாதம் வந்த ஆள் இந்த மாதம் வரவில்லை

எதையும் மாற்றவில்லை, ஆனால் முகம் வேறு. சேவை நடத்துபவர்கள் உள்ளே மாடலை மாற்றியிருப்பார்கள். பதிப்பைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் பழையதைத் தேர்ந்து முடித்துவிடுங்கள். வழி இல்லை என்றால் ஏற்கெனவே எடுத்த நல்ல படங்களை ரெஃபரன்ஸாகக் கொடுத்துப் புது மாடலில் தொடரப் பாருங்கள். ஒரு புத்தகத்தைப் பாதியில் நிறுத்தி மாதக்கணக்கில் விட்டுத் தொடராதீர்கள். எடுத்தால் மூச்சுவிடாமல் எடுத்து முடியுங்கள்.

அதே அப்பத்தாவை வைத்துத் தொடராகப் பல புத்தகம் போடப் போகிறீர்கள் என்றால் லோரா பயிற்சியைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் கதாபாத்திரத்தின் 15 முதல் 30 நல்ல படங்களைக் கொண்டு மாடலுக்கு அந்த ஆளையே கற்றுக்கொடுப்பது அது. எல்லாப் படத்திலும் ஒரே பின்னணி இருந்தால் பின்னணியையும் சேர்த்துக் கற்றுவிடும். ஒரே சிரிப்பு இருந்தால் அழவே அழாது. கோணம், வெளிச்சம், உணர்ச்சி, இடம் எல்லாம் கலந்திருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் இதில் தானாக இறங்க வேண்டாம், செய்து பழகியவரிடம் கொடுங்கள். பயிற்சி முடிந்த கோப்பு உங்கள் கைக்கு வரவேண்டும் என்பதையும், எந்த மாடலுக்குப் பயிற்றியது என்பதையும் எழுதி வாங்குங்கள். உண்மையான பிள்ளைகளின் போட்டோவை இதற்குக் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் என்றால் அவர்கள் சம்மதம் இல்லாமல் வேண்டாம்.

## அறிகுறி: திரையில் ஒரே ஆள், அச்சில் வேறு ஆள்

எல்லாம் முடிந்து அச்சுக்குப் போன பிறகு வருகிற கோளாறு. திரை ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளி; அச்சு சிஎம்ஒய்கே, அதாவது நான்கு நிற மை. அரக்கு பழுப்பாகும், கருத்த முகம் கண்ணும் மூக்கும் தெரியாத இருட்டாகும். கோப்பைச் சிஎம்ஒய்கேக்கு மாற்றி முதலில் நீங்களே பாருங்கள். நிழலில் உள்ள முகத்தில் மூக்கின் விளிம்பு தெரிகிறதா? இல்லை என்றால் முகத்தின் வெளிச்சப் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள், முழு முகத்தையும் வெளுக்காதீர்கள்.

அளவையும் பாருங்கள். 1024 பிக்சல் படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) மூன்றரை அங்குலத்துக்குக் கூட வராது. முழுப்பக்கத்துக்கு இழுத்தால் முகம் மாவாகும். அப்ஸ்கேல் செய்யும் ஆப்களும் முகத்தைத் தம் விருப்பப்படி திருத்தும். முகத்தைச் சீராக்கும் வசதியை அணைத்துவிட்டுப் பெரிதாக்குங்கள், பெரிதாக்கியதை மாஸ்டரோடு மறுபடி ஒப்பிடுங்கள்.

இதற்கு மேல் அச்சக வேலை. சிவகாசிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் முழு ஆர்டருக்கு முன்பே, அச்சடிக்கப் போகும் அதே தாளில் கலர் புரூஃப், அதாவது மாதிரி அச்சு கேளுங்கள். அப்பத்தா வெயிலில் நிற்கும் பக்கம், அடுப்பங்கரை இருட்டில் இருக்கும் பக்கம், கூட்டத்தில் நிற்கும் பக்கம் மூன்றையும் ஒரே தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். புரூஃபைப் பகல் வெளிச்சத்தில் மாஸ்டர் தாளோடு வைத்துப் பாருங்கள், டியூப்லைட் கீழே வேண்டாம். தோல் நிறம் விலகியிருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று புரூஃப் மேலேயே பேனாவால் குறித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.